ஆர்ஜி-6 கேபிளை வெர்னியரில் அளந்தால் 60 ஓம் வருகிறது. மீதி 15 ஓம் எங்கே?

மொட்டைமாடி_யாகி | சனி, காலை 10:12

வணக்கம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு யாகி ஆன்டெனாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, ஒரே கேபிளில் கீழே இறக்கப் போகிறேன். தனித்தனியே இரண்டும் 50 ஓம். அப்படியே பாரலலாகச் சேர்த்தால் 25 ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கால் அலைநீளத்துக்கு 75 ஓம் கேபிள் துண்டு ஒன்று போடலாம் என்று திட்டம்; அந்தத் துண்டு 50 ஓமை வேறோர் எண்ணாக மாற்றிக் காட்டும். 75 × 75 ÷ 50 = 112.5, அப்படி இரண்டு பாரலலாகச் சேர்ந்தால் 56 ஓம். 50-க்குப் பக்கம்தான், போதும்.

வீட்டில் டிஷ் மாட்டியபோது மிஞ்சிய கறுப்பு கேபிள் ஒரு சுருள் கிடக்கிறது. வெயிலில் கிடந்து மேலே இருந்த அச்சு அழிந்துவிட்டது. ஆர்ஜி-6 (75 ஓம் டிவி கேபிள்) என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் சந்தேகம். நுனியை உரித்து வெர்னியரில் அளந்தேன். நடுக்கம்பி 1.02 மி.மீ., அதைச் சுற்றியுள்ள வெள்ளை 4.56 மி.மீ. புத்தகத்தில் இருக்கும் சூத்திரம்:

இம்பீடன்ஸ் = (138 ÷ √கே) × லாக் (வெளி விட்டம் ÷ உள் விட்டம்)

கே என்பது அந்த வெள்ளைக் காப்புப் பொருளின் மின்காப்பு மாறிலி; பாலிஎத்திலீனுக்கு 2.26 என்று போட்டேன். விடை 59.7 ஓம். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். 75 ஓம் கேபிள் எப்படி 60 ஆகும்? போலிச் சரக்கா?

சும்மா_பார்க்கிறேன் | சனி, காலை 10:30

லாக் எந்த லாக்? கால்குலேட்டரில் எல்என் பொத்தானை அமுக்கியிருப்பீர்கள்.

மொட்டைமாடி_யாகி | சனி, காலை 10:41

இல்லை, 10 அடிமான லாக்தான். விகிதம் 4.47, லாக் 0.650, அதை 138-ஆல் பெருக்கினால் 89.75. அதை 1.503-ஆல் வகுத்தால் 59.7. எல்என் போட்டிருந்தால் 137 ஓம் வந்திருக்கும்.

இசிஇ_இரண்டாம்வருஷம் | சனி, காலை 11:05

அண்ணே, இவ்வளவு கஷ்டம் எதற்கு? மல்டிமீட்டரை நேராக வைத்துப் பார்க்கலாமே என்று எங்கள் லேபில் ஒரு கேபிளில் வைத்தேன். ஓப்பன் என்று காட்டுகிறது. மறுமுனையை ஷார்ட் செய்தால் 1 ஓமுக்கும் கீழே. 75 என்பது எங்கேதான் இருக்கிறது? பரீட்சையில் எழுதிவிடுவேன், ஆனால் உண்மையில் எனக்குப் புரியவில்லை.

அலைநீளம் | சனி, மதியம் 12:20

தம்பி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், யாகி சார் கொஞ்சம் பொறுங்கள்.

உள்தடையே இல்லாத ஒரு 9 வோல்ட் பேட்டரியை 22 மீட்டர் கேபிளின் ஒரு முனையில் இணைக்கிறோம். மறுமுனை திறந்திருக்கிறது. ஆனால் அது பேட்டரிக்கு அந்த நொடியில் தெரியாது. அலை கேபிளில் நகர நகர, ஒவ்வொரு சென்டிமீட்டராக அங்கிருக்கும் கெப்பாசிட்டன்ஸைச் சார்ஜ் செய்துகொண்டே போக வேண்டும், அதற்குக் கரண்ட் தேவை. அந்தக் கரண்ட் சரியாக 9 ÷ 75 = 120 மில்லிஆம்பியர். அலை மறுமுனை சேர்ந்து, அங்கே வழியில்லை என்று தெரிந்து, திரும்பி வரும்வரை பேட்டரிக்கு அந்த கேபிள் ஒரு 75 ஓம் ரெசிஸ்டர்தான். 22 மீட்டருக்கு அது ஏறத்தாழ 180 நானோநொடி. உங்கள் மல்டிமீட்டர் கண் விழிப்பதற்குள் அலை நூற்றுக்கணக்கான தடவை போய்வந்து, அடங்கி, எல்லாம் முடிந்துவிட்டது. இழப்பே இல்லாத கேபிள் ஒன்றை நிலா வரை இழுத்தால் மூன்று நொடி கிடைக்கும். அப்போது மல்டிமீட்டரிலேயே 75 தெரியும்.

அதனால்தான் கேபிள் நீளம் கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் மாறாது. ஒரு மீட்டருக்கு எவ்வளவு இன்டக்டன்ஸ் (எல்), எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் (சி), அவற்றின் விகிதத்தின் (எல் ÷ சி) வர்க்கமூலம். அவ்வளவுதான்.

சரி, இப்போது 60 ஓம் விஷயம். யாகி சார், உங்கள் வெர்னியர் மேல் சந்தேகம் வேண்டாம். லாக் இருப்பதால் இந்தச் சூத்திரம் விட்டப் பிழையை நன்றாகவே தாங்கும். வெளி விட்டத்தில் 0.05 மி.மீ. தவறினால் அரை ஓம்தான் மாறும். உள் விட்டத்தில் அதே தவறு நடந்தால் இரண்டு, இரண்டரை ஓம். 15 ஓம் போக வேண்டுமென்றால் விட்டங்களின் விகிதமே 35 சதவீதம் தவறியிருக்க வேண்டும். அப்படி யாரும் அளக்க மாட்டார்கள்.

தவறு கே-யில். அந்த வெள்ளையை நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

மொட்டைமாடி_யாகி | சனி, மதியம் 12:48

அழுத்தினால் பதிகிறது! பிளேடால் வெட்டிப் பார்த்தேன், பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். தெர்மோகோல் மாதிரி, ஆனால் அதைவிட நைசாக.

அலைநீளம் | சனி, மதியம் 1:02

அதுதான். அது திட பாலிஎத்திலீன் இல்லை, நுரை பாலிஎத்திலீன். பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும்போதே வாயுவை ஊதிக் குமிழாக்கி விடுகிறார்கள். பாதிக்கு மேல் வாயு. திடப் பிளாஸ்டிக்கின் கே 2.26, காற்றுக்கு 1; இரண்டும் கலந்தது நடுவில் எங்கேயோ இருக்கும். ஆர்ஜி-58, ஆர்ஜி-213 போன்ற பழைய கேபிள்களில் திடப் பிளாஸ்டிக். பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டுகள் எல்லாம் அவற்றை வைத்தே எழுதப்பட்டவை. ஆர்ஜி-6 இப்போது நுரையில்தான் வருகிறது.

நுரையின் கே எவ்வளவு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆனால் அதை நீங்களே கண்டுபிடிக்கலாம், புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். உங்கள் மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் உண்டா?

மொட்டைமாடி_யாகி | சனி, மதியம் 1:10

உண்டு. நானோஃபாரட் வரை படிக்கும்.

அலைநீளம் | சனி, மதியம் 1:34

அப்படியானால் சுருள் முழுவதையும் பிரித்து டேப்பால் நீளம் அளந்துகொள்ளுங்கள். மறுமுனையில் நடுக்கம்பியும் பின்னலும் (வெள்ளையைச் சுற்றியுள்ள உலோக வலை) ஒன்றையொன்று தொடாமல் சுத்தமாக வெட்டி விடுங்கள். பின்னலில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போச்சு. மீட்டரின் முனைக்கம்பிகளை முதலில் காற்றில் பிடித்து, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபிளை அளந்து நீளத்தால் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை பிக்கோஃபாரட் என்று வரும்.

அடுத்து இதே கேபிளில் நுரைக்குப் பதில் வெறும் காற்று இருந்தால் எவ்வளவு வரும் என்று கணக்கிடலாம்: 24.16 ÷ லாக்(விகிதம்). உங்கள் லாக் 0.650, எனவே 37.15 பிக்கோஃபாரட்.

அளந்ததைக் கணக்கால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கே.

மொட்டைமாடி_யாகி | சனி, மாலை 5:55

மாடியில் நீட்டி அளந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார் துணி காயப்போடக் கொடியா என்று கேட்டார். நீளம் 22.4 மீட்டர். கெப்பாசிட்டன்ஸ் 1.20 நானோஃபாரட். அதாவது மீட்டருக்கு 53.6.

53.6 ÷ 37.15 = 1.44. வர்க்கமூலம் 1.2. 89.75 ÷ 1.2 = 74.8 ஓம்.

ஐயா! 75!

அலைநீளம் | சனி, மாலை 6:20

கேபிள் நல்ல சரக்குதான். ஆனால் உங்களுக்கு உண்மையில் முக்கியமானது இன்னொன்று. 1 ÷ 1.2 = 0.83, இது வெலாசிட்டி ஃபாக்டர். ஒளியின் வேகத்தில் 83 சதவீத வேகத்தில் அலை இந்த கேபிளில் ஓடுகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் காற்றில் 51.7 செ.மீ.; உங்கள் கேபிளில் 43 செ.மீ. கே 2.26 என்றே விட்டிருந்தால் 34 செ.மீ. என்று வெட்டியிருப்பீர்கள். ஒன்பது சென்டிமீட்டர் குறைவு! வெட்டியதை ஒட்ட முடியாது.

மொட்டைமாடி_யாகி | சனி, மாலை 6:27

உண்மையைச் சொல்கிறேன், காலையில் 34 செ.மீ.-க்கு மார்க்கர் கோடு போட்டு வைத்திருந்தேன். கட்டிங் பிளேயர் கையில் இருந்தது.

இசிஇ_இரண்டாம்வருஷம் | ஞாயிறு, காலை 9:15

எல் ÷ சி-யின் வர்க்கமூலம் என்றால் இரண்டையும் நேராகவே அளந்துவிடலாமே என்று நானும் செய்து பார்த்தேன். லேபில் எல்சிஆர் மீட்டர் இருக்கிறது. 10 மீட்டர் ஆர்ஜி-6. மறுமுனை திறந்திருக்கும்போது சி, ஷார்ட் செய்து எல், இரண்டும் 1 கிலோஹெர்ட்ஸில். சி ஒழுங்காக 535 பிக்கோஃபாரட். ஆனால் எல்-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் விடை 100 ஓமைத் தாண்டுகிறது. மீட்டர் கோளாறா?

கோவை_ஸ்கோப் | ஞாயிறு, காலை 10:02

மீட்டர் நல்லாத்தான் இருக்கிறது. ஒரு காந்தத்தை நடுக்கம்பியின் நுனியில் வைத்துப் பார்.

இசிஇ_இரண்டாம்வருஷம் | ஞாயிறு, காலை 10:20

ஒட்டுகிறது! செம்பு ஒட்டாதே?

கோவை_ஸ்கோப் | ஞாயிறு, காலை 11:10

உள்ளே எஃகு, மேலே செம்பு முலாம். டிவி கேபிளில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. விலையும் குறைவு, கம்பியும் விறைப்பாக இருப்பதால் எஃப் கனெக்டரில் நேராகக் குத்தி நிற்கும். நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் கரண்ட் தோல் மட்டத்தில்தான் ஓடும் என்பதால் செம்பை விட்டு உள்ளே போகாது, எந்தக் குறையும் தெரியாது. ஆனால் 1 கிலோஹெர்ட்ஸில் கரண்ட் எஃகுக்குள்ளும் நுழைந்துவிடும். எஃகின் காந்தத்தன்மை உள் இன்டக்டன்ஸை ஏற்றிவிடும். நீ அளந்தது பொய்யில்லை, 1 கிலோஹெர்ட்ஸ் கேபிளின் எல் அதுதான். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது உதவாது, அவ்வளவுதான். முழுச் செம்புக் கம்பியாக இருந்தால்கூட, குறைந்த அதிர்வெண்ணில் உள் இன்டக்டன்ஸ் மீட்டருக்கு 0.05 மைக்ரோஹென்றி கூடுதலாகச் சேரும். ஆர்ஜி-6-இன் வெளி இன்டக்டன்ஸே 0.3 தான் என்பதை நினைவில் வை.

கெப்பாசிட்டன்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பிக்குள் என்ன உலோகம் என்று அது கேட்பதே இல்லை. அதனால் சி-யையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு என் வழி: ஒரு 74ஹெச்சி14 ஐசி (உள்ளே ஆறு இன்வெர்ட்டர் கேட்டுகள்), அதில் ஒரு கேட்டை ஆசிலேட்டராக்கி, மற்ற கேட்டுகளைப் பாரலலாகச் சேர்த்துக் கூர்மையான பல்ஸ் எடுக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டர் வழியாக கேபிளின் இந்த முனையில் கொடுத்து, அதே இடத்தில் ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்). அந்த முனையில் 200 ஓம் கார்பன் டிரிம்பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). வயர்சுற்று பாட் கூடாது, அதுவே ஒரு காயில். பாட்டைத் திருகத் திருகத் திரையில் எதிரொலிப் படிக்கட்டு மேலே இருந்து கீழே இறங்கும். சமமாகிக் கோடு நேராகும் இடத்தில் நிறுத்தி, பாட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 74, 75 என்று வரும். மல்டிமீட்டரில் 75-ஐப் பார்க்க ஆசைப்பட்டாயே, இப்படித்தான் பார்க்க முடியும்.

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. ஒரு வீட்டில் சேனல் விட்டு விட்டு வருகிறது என்றார்கள். பல்ஸ் விட்டுப் பார்த்தால் நேர்கோட்டின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், 96 நானோநொடியில். பாதியை எடுத்து வேகத்தால் பெருக்கினால் 12 மீட்டர். கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். 12-வது மீட்டரில் சுவரில் அடித்த கிளிப், ஆணியோடு கேபிளை நசுக்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் பின்னல் நடுக்கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, விகிதம் குறைகிறது, அந்த இடத்தில் மட்டும் இம்பீடன்ஸ் குறைகிறது. சூத்திரம் சுவரில் தெரிந்த நாள் அது.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | ஞாயிறு, பிற்பகல் 3:40

தொலைபேசித் துறையில் 34 வருஷம் கேபிளோடு கிடந்தவன். இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நீங்கள் எல்லாம் √(எல் ÷ சி) என்று எழுதுகிறீர்கள். அது மேல் அதிர்வெண்ணுக்கு மட்டும். முழுச் சூத்திரத்தில் எல்-உடன் கம்பியின் ரெசிஸ்டன்ஸும் (ஆர்), சி-யுடன் கசிவும் (ஜி) இருக்கின்றன. பேச்சு அதிர்வெண்ணில் எல்-ஐ மறந்துவிடலாம், ரெசிஸ்டன்ஸ்தான் ராஜா. 0.5 மி.மீ. டெலிபோன் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். போகவர சேர்த்துக் கிலோமீட்டருக்கு 176 ஓம், கெப்பாசிட்டன்ஸ் ஏறத்தாழ 50 நானோஃபாரட். 1 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் 750 ஓம் அளவு வரும், அதுவும் மைனஸ் 45 டிகிரி கோணத்தில். அதே ஜோடியில் பிராட்பேண்ட் ஓடும் மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் 100-ஐ ஒட்டி வந்துவிடும். ஒரே கம்பி, அதிர்வெண்ணுக்கு ஒரு முகம்.

இதில் இருக்கும் கோளாறை முதலில் கண்டவர் ஆலிவர் ஹெவிசைட். இம்பீடன்ஸ் என்ற சொல்லையே 1886-இல் உண்டாக்கியவர் அவர்தான். அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிளுக்கு வில்லியம் தாம்சன் போட்ட கணக்கில் இன்டக்டன்ஸே கிடையாது, ரெசிஸ்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் மட்டும். ஹெவிசைட் இன்டக்டன்ஸைச் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல், லைனில் இன்டக்டன்ஸ் இன்னும் வேண்டும், அப்போதுதான் பேச்சு சிதையாது என்றார். காயில் என்றாலே தடை என்று நினைத்த காலத்தில் யார் கேட்பார்கள்? பிறகு அமெரிக்காவில் கேம்ப்பெல்லும் பூப்பினும் அதைச் செய்து காட்டினார்கள்.

நாங்கள் கையில் தொட்டது அதன் பிள்ளைதான்: 1.83 கிலோமீட்டருக்கு ஒன்று என 88 மில்லிஹென்றி லோடிங் காயில். அதைப் போட்டதும் அதே 0.5 ஜோடியின் இம்பீடன்ஸ் ஆயிரம் ஓமை ஒட்டிப் போகும், கோணமும் கிட்டத்தட்ட நிமிர்ந்துவிடும், பேச்சு தெளியும். ஆனால் 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் போகாது. பிராட்பேண்டுக்கு அந்த லைன் கொடுத்தால் மோடம் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மழைத் தண்ணீர் நிற்கும் மேன்ஹோலில் இறங்கி அந்தக் காயில் பெட்டியைத் தேடிக் கழற்றியவனுக்குத்தான் தெரியும் எல் என்றால் என்ன என்று.

இசிஇ_இரண்டாம்வருஷம் | ஞாயிறு, பிற்பகல் 4:05

ஐயா, இதைப் படித்த பிறகுதான் அந்த ஆர், ஜி எதற்கு என்றே புரிந்தது. எங்களுக்கு "லாஸ்லெஸ் என்று எடுத்துக்கொள்ளவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கேவி_400 | ஞாயிறு, இரவு 8:30

கோஆக்ஸ்காரர்கள் (நடுக்கம்பி, சுற்றிப் பின்னல் உள்ள கேபிள்காரர்கள்) மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எப்படி? உயர் அழுத்த லைனுக்கும் இதே எண் உண்டு, எங்கள் பக்கம் சர்ஜ் இம்பீடன்ஸ் என்போம்.

400 கேவி (கிலோவோல்ட்) லைனில் ஒரு பேஸுக்கு (மூன்று மின்கட்டங்களில் ஒன்றுக்கு) மூஸ் என்ற வகைக் கம்பிகள் இரண்டு, 45 செ.மீ. இடைவெளியில். ஒரு கம்பியின் விட்டம் 31.77 மி.மீ. இரண்டும் சேர்ந்து ஒரே தடித்த கம்பி போல நடந்துகொள்ளும், அதன் சமான ஆரம் √(0.0159 × 0.45) = 8.5 செ.மீ. பேஸுக்குப் பேஸ் 11 மீட்டர், மூன்றும் ஒரே மட்டத்தில் என்று வைத்தால் சராசரி இடைவெளி 13.9 மீட்டர்.

60 × எல்என்(13.9 ÷ 0.085) = 306 ஓம்.

அந்த 60-ஐக் கவனியுங்கள். கோஆக்ஸ் சூத்திரத்தின் 138-ம் இதே 60-தான், லாக்கிலிருந்து எல்என்னுக்கு மாற 2.303-ஆல் வகுத்தால் தெரியும். வெற்று வெளியின் 377 ஓமை 2π-ஆல் வகுத்தது. டிஷ் கேபிளிலும் டவர் லைனிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நுரை, இங்கே காற்று, எனவே கே = 1.

எங்களுக்கு இதன் பயன் வேறு மாதிரி. 400-இன் வர்க்கத்தை 306-ஆல் வகுத்தால் 520 மெகாவாட்டை ஒட்டி வரும். திட்டமிடுபவர்கள் இந்த வகை லைனுக்கு 515 என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த லோடில் லைன் தன் கெப்பாசிட்டன்ஸ் கொடுப்பதைத் தன் இன்டக்டன்ஸிலேயே செலவழித்துவிடும், வோல்டேஜ் முனைக்கு முனை சமமாக நிற்கும். நடுராத்திரி லோடு விழுந்தால்? கெப்பாசிட்டன்ஸ் மட்டும் வேலை செய்யும், தூரத்து முனையில் வோல்டேஜ் அனுப்பிய முனையைவிட மேலே ஏறும். அதை அமுக்கத்தான் சப்ஸ்டேஷனில் அந்தப் பெரிய ஷன்ட் ரியாக்டர் (லைனுக்கும் தரைக்கும் நடுவே போடும் காயில்). ராத்திரி ஷிப்டில் அதன் ரீங்காரத்தைக் கேட்டிருக்கிறீர்களா? 100 ஹெர்ட்ஸ் தாலாட்டு.

சும்மா_பார்க்கிறேன் | ஞாயிறு, இரவு 8:52

எல்என் பொத்தானை அமுக்கியதற்கு என்னைத் தவிர இன்னொருவர் கிடைத்தார், சந்தோஷம்.

நானும் ஒன்று கேட்கிறேன். டிவிக்கு 75, ரேடியோவுக்கு 50, எதற்கு இரண்டு?

அலைநீளம் | ஞாயிறு, இரவு 9:30

காற்று நிரப்பிய கோஆக்ஸில் விட்டங்களின் விகிதம் 3.59 இருக்கும்போது இழப்பு மிகக் குறைவு; சூத்திரத்தில் போட்டால் 77 ஓம். அதிகச் சக்தியைத் தாங்குவது விகிதம் 1.65-இல், அது 30 ஓம். சிக்னலை வாங்கும் டிவிக்காரருக்கு இழப்புதான் கவலை, 75 எடுத்துக்கொண்டார். அனுப்புகிறவருக்கு இரண்டும் வேண்டும், நடுவில் 50. இன்னும் நிறைய வாதங்கள் உண்டு, அதற்குத் தனி இழை போடலாம்.

மொட்டைமாடி_யாகி | புதன், மாலை 6:10

வேலை முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

43-க்குப் பதில் 44 செ.மீ.-ஆக வெட்டினேன், குறைப்பது எளிது என்பதால். நண்பரிடம் நானோவிஎன்ஏ (அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் இம்பீடன்ஸ் காட்டும் சின்னக் கருவி) கடன் வாங்கி, மறுமுனை திறந்த நிலையில் பார்த்தேன். கால் அலைநீளத்தில் திறந்த முனை இந்தப் பக்கம் ஷார்ட்டாகத் தெரியுமே, அந்தப் பள்ளம் 142 மெகாஹெர்ட்ஸில் விழுந்தது. ஒரு சென்டிமீட்டர் குறைத்ததும் 145-க்கு வந்துவிட்டது. கணக்கு அப்படியே கையில் வந்து நின்றது.

தகராறு செய்தது பின்னல்தான். அலுமினியம், ஈயம் ஒட்டவே இல்லை. ஒரு மணி நேரம் சால்டரிங் அயர்னோடு போராடி, நுரையை உருக்கி ஒரு துண்டைக் கெடுத்த பிறகே புத்தி வந்தது. எஃப் கனெக்டர் அமுக்கி, எஃப்-டி இணைப்பில் (மூன்று வாய் உள்ள டி வடிவ எஃப் இணைப்பு) இரண்டு துண்டுகளையும் இறங்கும் கேபிளையும் சேர்த்தேன். எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2. கணக்குப்படி 1.13 வர வேண்டும். கனெக்டர்கள் தின்றிருக்கும்.

பழைய_எக்ஸ்சேஞ்ச் | புதன், மாலை 6:45

சபாஷ் தம்பி. ஒன்று கேட்கிறேன், மாடியில் அந்த எஃப்-டி இணைப்பைத் திறந்தவாக்கில் விட்டிருக்கிறாயா? தண்ணீரின் கே 80 பக்கம். நுரைக்குள்ளும் பின்னலுக்குள்ளும் ஈரம் இறங்கினால் நீ கண்டுபிடித்த 1.44 காலி. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்று, அதன்மேல் சாதா டேப். இணைப்புக்கு முன்னால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடு, தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

மொட்டைமாடி_யாகி | புதன், மாலை 6:52

திறந்துதான் கிடக்கிறது ஐயா. இங்கே மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. கடை ஏழரைக்கு மூடிவிடுவார்கள், கிளம்பிவிட்டேன்.